அம்மாவின் 555 நோட்டு

"என் வாழ்க்கை, என் முடிவு என்று வாழ்ந்தால் கிறிஸ்தவர்களுக்கு ஏன் வலிக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டணத்தில் வேலை, ஊரிலிருந்து போன் வந்தாலே புத்திமதி, சலித்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி இருந்தவன்தான்.

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தேன். அப்பா இல்லை. அம்மா பால்மரம் வெட்டினார். 1998இல் படிக்க ஈப்போ போனேன். அப்புறம் கோலாலம்பூரில் வேலை, சொந்த வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் ஆலயத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். "யார் தயவும் இல்லாமல், கர்த்தரை மட்டும் நம்பி இந்த நிலைக்கு வந்தேன்" என்றேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அம்மா சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டியிலிருந்து ஒரு 555 நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார். கடைக்கடன் எழுதுவோமே, அந்தக் குட்டி நோட்டுதான். பென்சில் எழுத்து, பாதி மங்கியிருந்தது. "மாட்டுக்கார அண்ணி 5 வெள்ளி. கிராணி வீடு 20. மேட்டு லயத்துப் பாட்டி 2 வெள்ளி, ஒரு பழைய பை." இப்படி மூன்று பக்கம். வெள்ளி என்றால் ரிங்கிட், கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். என்னைப் படிக்க அனுப்ப லயமே பிரித்த காசு. முக்கால்வாசிப் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள்.

வேதாகமத்தில் 2 தீமோத்தேயு 3:2, கடைசி நாட்களின் மனிதர்களைச் சொல்லும்போது "தற்பிரியர்" (தன்னையே நேசிக்கிறவர்கள்) என்றுதான் தொடங்குகிறது. பணப்பிரியர்கூட அதற்கு அடுத்துதான். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லுத்தர் 1515-16இல் ரோமர் நிருபத்தைப் பாடம் நடத்தியபோது, தன் பக்கமே வளைந்துபோன மனம், கடவுளைக்கூடத் தன் காரியத்துக்குத்தான் தேடும் என்றார். என் சாட்சி அதுதான். கர்த்தர் பெயரைச் சொல்லி என்னையே கும்பிட்டுக்கொண்டேன்.

உடனே சண்டைக்கு வராதீர்கள். தன்னம்பிக்கை கூடாது என்றோ, அடிக்கிற புருஷனோடு பொறுத்துக்கொண்டு இரு என்றோ நான் சொல்லவில்லை. நான் முன்னேறியதில் தப்பில்லை. அந்த மூன்று பக்கத்தை மறந்ததுதான் தப்பு.

சபைகளும் ஒன்றும் யோக்கியமில்லை. எங்கள் ஆலயத்தில் காலை நேரம் ஆங்கில ஆராதனைக்கு. தமிழுக்கு மதியம் 2 மணி, கூரைத் தகரம் கொதிக்கிற நேரம். பால் வெட்டிய கிழவிகளின் காணிக்கையில் எழுந்த கட்டடம் அது. எழுதும்போதே வயிறு எரிகிறது.

போன வருடம் அந்த நோட்டோடு, உயிரோடு இருப்பவர்களைப் பார்க்கப் போனேன். மாட்டுக்கார அத்தைக்கு அந்த 5 வெள்ளி நினைவிலேயே இல்லை. "உங்கம்மாவுக்கு முட்டிவலி எப்படிய்யா இருக்கு?" என்று கேட்டார்.