ஐயா வாங்குன அம்பாசடரா, புது டிசையரா?

கேள்வி: அண்ணே, எங்க ஐயா வாங்குன 1972 மாடல் மார்க் 2 அம்பாசடர் வீட்டுப் பின்கட்டு ஷெட்ல நிக்குது, இப்பவும் ஸ்டார்ட் ஆகுது. தம்பி அதை வித்துட்டு புது டிசையர் வாங்கலாம்ங்கறான். அப்பச்சியோ (அப்பா) "இந்த இரும்பு அதுல வருமாடா, இதுதான் சேஃப்டி"னு ஒரே புடியா நிக்கிறாக. யார் சொல்றது சரி?
- ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தம்பி, அப்பச்சி மனசு புரியுது, ஆனா சேஃப்டி விஷயத்துல அவுக சொல்றது சரியில்ல. புது வண்டி லேசா இடிச்சாலே நசுங்குதுன்னு திட்டுறோம்ல, அப்படி நசுங்கித்தான் அது அடியை வாங்கிக்குது, நசுங்காத இரும்புல அந்த வேகம் அப்படியே உள்ள உக்காந்திருக்கவுக மேல இறங்கும். லாரி மாதிரி தனி சேசிஸும் (அடிச்சட்டம்) அம்பாசடர்ல கிடையாது, நிறைய பேர் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக. ஏர்பேக் இல்ல, ஸ்டியரிங் ராடு நெஞ்சைப் பாத்து நிக்கும், நாலு வீலும் டிரம் பிரேக். இப்ப வர்ற டிசையர் 2024 நவம்பர்ல, காரை மோதவிட்டுப் பாக்குற குளோபல் என்கேப் டெஸ்ட்ல பெரியவுகளுக்கு 5 ஸ்டார், புள்ளைகளுக்கு 4 ஸ்டார் வாங்கிருக்கு, எல்லா வேரியன்ட்லயும் 6 ஏர்பேக். புள்ளைகளை ஏத்திக்கிட்டு மதுரை, திருச்சின்னு போக புதுசுதான், யோசிக்கவே வேணாம்.

அதுக்காக அம்பாசடரை வித்துடாதீங்க! அந்தப் பின் சீட்டு உசரம் இப்ப எந்தக் கார்ல வருது? முட்டிவலி இருக்க ஆச்சிமாரு திண்ணையில உக்கார்ற மாதிரி உக்காந்துட்டு காலை மெதுவா உள்ள எடுத்து வச்சுக்கலாம், டிசையர்ல குனிஞ்சு உள்ள இறங்கணும், எந்திரிக்கிறப்ப ஒரு ஆள் கை குடுக்கணும்.

ஆனா பெட்ரோல் விஷயத்துல கவனமா இருங்க. பங்க்ல இப்ப ஊத்துறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் உள்ள இருக்க டயாபிரம் (ரப்பர் சவ்வு) எல்லாம் ஊறிப்போய் கசிய ஆரம்பிக்கும், எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால மாசக்கணக்குல ஓடாம நின்னா டேங்க் உள்ளயே துருப்பிடிச்சுரும். எத்தனால் தாங்குற ஹோஸா மாத்திட்டு வாரம் ஒருக்கவாவது எடுத்து ஓட்டுங்க. இஞ்சின் ஹெட்டை (மேல்பாகம்) எறக்குனா, வால்வு வந்து உக்கார்ற வால்வு சீட்டு தேஞ்சிருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க, அந்த 1489 சிசி இஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செஞ்சது, அந்த ஈயம்தான் வால்வு சீட்டு தேயாம பாத்துக்கிச்சு, அந்தப் பெட்ரோல் 2000-லயே நின்னுபோச்சு.

50 வருஷம் தாண்டிட்டதால 2021 ரூல்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம், பழைய நம்பரையே வச்சுக்கலாம். ஆனா நடுவுல டீசல் இஞ்சின் மாத்திருந்தா கிடைக்காது, கிடைச்சாலும் கண்காட்சி, ராலி மாதிரி விசேஷத்துக்குத்தான் ரோட்டுல எறக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. பிள்ளையார்பட்டி, குன்றக்குடின்னு ஆச்சியைக் கூட்டிட்டுப் போகணும்னா சாதா ஆர்சியையே 5 வருஷத்துக்கு ஒருக்க வண்டியைக் காட்டி புதுப்பிச்சுக்கங்க. மொதல்ல ஆர்சி எது வரைக்கும் செல்லும்னு எடுத்துப் பாருங்க, டிசையர் புக் பண்றது அதுக்கப்புறம்.