கூடை ஏன் பழைய கணக்கையே காட்டுகிறது?

கேள்வி: சேலத்தில் ஒரு மளிகைக் கடைக்காக ரியாக்ட் நேட்டிவில் (ஒரே நிரலில் ஆண்டிராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் செய்யும் கருவி) ஆர்டர் ஆப் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கீழே நான்கு டேப்கள்: முகப்பு, தேடல், கூடை, ஆர்டர்கள். முகப்பில் ஒரு பொருளைக் கூடையில் சேர்த்துவிட்டுக் கூடை டேப்புக்குப் போனால் பழைய பட்டியலே நிற்கிறது. 'உங்கள் ஆர்டர் கிளம்பிவிட்டது' என்ற நோட்டிஃபிகேஷனைத் தொட்டால் அந்த ஆர்டரின் விவரத் திரை திறக்கிறது. ஆனால் சில நேரம் அங்கிருந்து ஆர்டர் பட்டியலுக்குப் போகவே முடிவதில்லை. உடன் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், 'டேப்பை விட்டு நகர்ந்ததும் அதைக் கலைத்துவிடும் அமைப்பு ஒன்று இருக்கிறது, போட்டுவிடு' என்றார். போட்டேன். கூடை சரியாகிவிட்டது. ஆனால் முகப்பில் பாதி தூரம் உருட்டிப் பார்த்த பட்டியல் ஒவ்வொரு முறையும் உச்சிக்கே போய்விடுகிறது. தலைப்புப் பட்டை வேறு இரண்டிரண்டாக வருகிறது. தேடலில் தட்டச்சு செய்யும்போது டேப் பார் கீபோர்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இதற்கிடையில், கடைக்குப் போன் செய்யும் பட்டனை ஐந்தாவது டேப்பாக வைக்கச் சொல்கிறார் முதலாளி. எங்கிருந்து தொடங்குவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அண்ணன் சொன்னதை எடுத்துவிடுவதிலிருந்து தொடங்குங்கள். அவர் சொன்ன 'அன்மவுண்ட் ஆன் பிளர்' அமைப்பு, ஆப்பில் திரை மாற்றத்தைக் கவனிக்கும் நூலகமான ரியாக்ட் நேவிகேஷனின் ஆறாம் பதிப்பு வரை இருந்தது. 2024இல் வந்த ஏழாம் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். பதிலாகக் கொடுத்திருக்கும் 'பாப் டு டாப் ஆன் பிளர்' டேப்பைக் கலைப்பதில்லை. அதற்குள் அடுக்கியிருக்கும் திரைகளை மட்டும் முதல் திரை வரை இறக்கிவிடுகிறது. ஆகவே நாளை நீங்கள் பதிப்பை உயர்த்தினால் அந்த வரி எப்படியும் வேலை செய்யாது. இன்றே அது வேண்டாம் என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது: அது உங்கள் நோயைத் தீர்க்கவில்லை, நோயாளியையே வீட்டை விட்டு அனுப்பிவிட்டது.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுதான் டேப்பின் குணம். இறங்கி டீ குடித்துவிட்டு வந்தாலும் அந்த இடம் உங்களுடையது. முகப்பில் பருப்பு வகைகளை உருட்டிக்கொண்டிருந்தவர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தால், விட்ட இடத்தில் துவரம்பருப்பு இருக்க வேண்டும். அதற்காகத்தான் டேப் பாரே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் துண்டை எடுத்து வீசும் ஆப்பை யாரும் இரண்டாம் நாள் திறக்க மாட்டார்கள்.

இந்தக் குணம் ரியாக்ட் நேவிகேஷனில் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் புகார்களில் பெரியவை இரண்டும் இங்கிருந்துதான் வருகின்றன. ஆப் திறந்ததும் நான்கு டேப்களும் உயிர் பெறுவதில்லை. முதல் டேப் மட்டும் வரையப்படும். மற்றவை பயனர் முதன்முதலாகத் தொடும்போதுதான் பிறக்கும். பிறந்தபின், வேறு டேப்புக்கு நகர்ந்தாலும் அப்படியே உயிரோடு இருக்கும். கண்ணுக்கு மட்டும் தெரியாது. நீங்களோ, டேப்பைத் தொடும்போதெல்லாம் திரை புதிதாகப் பிறக்கிறது என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். இணையதளம் செய்து பழகியவர்கள் எல்லோருக்கும் இந்த எண்ணம் இருக்கும்.

கூடையை எடுத்துக்கொள்வோம். சர்வரிலிருந்து கூடைப் பட்டியலைக் கேட்டு வாங்கும் வேலையை திரை வரையப்பட்டபின் ஓடும் 'யூஸ் எஃபெக்ட்' உள்ளே, காலியான சார்புப் பட்டியலோடு (எது மாறினால் மறுபடி ஓட வேண்டும் என்ற பட்டியல்) எழுதியிருப்பீர்கள். திரை பிறந்தபோது அது ஒருமுறை ஓடியது. அதோடு சரி. பிறகு பத்து முறை கூடைக்குத் திரும்பினாலும் ஓடாது. இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து 'யூஸ் ஃபோகஸ் எஃபெக்ட்'. திரை கண்ணுக்கு முன்னால் வரும்போதெல்லாம் அது ஓடும். அதைப் பயன்படுத்தினால், உள்ளே கொடுக்கும் செயல்பாட்டை, அதை நினைவில் வைத்திருக்கும் 'யூஸ் கால்பேக்' கொண்டு சுற்றியே தீர வேண்டும். சுற்றாமல் விட்டால் ஒவ்வொரு வரைதலிலும் அது புதிய செயல்பாடாகக் கணக்காகும். புதியது என்பதால் மறுபடி ஓடும். ஓடியதால் தரவு மாறும். மாறியதால் மறுபடி வரையும். உங்கள் சர்வருக்கு நிமிடத்தில் நூற்றுக்கணக்கில் கோரிக்கைகள் போய்க்கொண்டே இருக்கும். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது, போன் மட்டும் சூடாகும்.

ஆனால் கூடைக்கு இந்த மருந்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்டர் பட்டியலுக்கு அது போதும். அங்கே மாற்றம் சர்வரில் நடக்கிறது, திரைக்கு வரும்போது கேட்டால் சரி. கூடையில் மாற்றம் நடப்பது உங்கள் ஆப்புக்குள்ளேயே. முகப்புத் திரைக்குத் தெரிந்த செய்தி கூடைத் திரைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் பிரச்சினை. இரண்டுக்கும் பொதுவான ஓர் இடத்தில், அதாவது டேப்களை ஏந்தியிருக்கும் டேப் நேவிகேட்டருக்கு மேலே, கூடையை வையுங்கள். பொதுத் தரவை வைக்கும் வழிகளான கான்டெக்ஸ்ட், ரெடக்ஸ், சூஸ்டாண்டு என எது உங்களுக்குப் பழக்கமோ அது. அப்போது பொருளைச் சேர்த்த கணத்திலேயே கண்ணில் படாமல் இருக்கும் கூடைத் திரையும் மாறிவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. கூடை ஐகானின் மேல் எத்தனை பொருள் என்று காட்டும் சிவப்பு எண் உங்கள் ஆப்பில் இருக்கிறதா? இருந்தால், ஆப்பைத் திறந்தவுடன் அது தெரியாமல், கூடையை ஒருமுறை தொட்ட பிறகே வருகிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைக் கூடைத் திரைக்குள்ளிருந்து அமைத்திருந்தால் அப்படித்தான் நடக்கும். பிறக்காத திரை எண்ணைச் சொல்ல முடியாது. எண் பொது இடத்தில் இருந்தால் இந்த வம்பே இல்லை.

இங்கே ஒரு குழி இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிவப்பு எண்ணுக்காக டேப் நேவிகேட்டரை வரையும் காம்பொனென்டிலேயே (திரையின் ஒரு பகுதியை வரையும் நிரல்துண்டு) கூடை எண்ணிக்கையைப் படிப்பீர்கள். இனிமேல் கூடை மாறும்போதெல்லாம் அந்தக் காம்பொனென்ட் முழுவதும் மறுபடி வரையப்படும். அதனால் தவறில்லை. ஆனால் டேப் ஸ்கிரீனுக்குக் காம்பொனென்டைக் கொடுக்கும் இடத்தில், பெயரைக் கொடுக்காமல் அந்த வரியிலேயே ஒரு அம்புக்குறிச் செயல்பாட்டை எழுதியிருந்தால், ரியாக்ட் அதை ஒவ்வொரு முறையும் வேறொரு காம்பொனென்டாக எடுத்துக்கொள்ளும். பழைய திரையை எறிந்துவிட்டுப் புதியதை ஏற்றும். ஒரு கிலோ சர்க்கரையைக் கூடையில் போட்டதும் முகப்புப் பட்டியல் உச்சிக்குப் போய்விடும். அண்ணனின் வரியை எடுத்தும் அதே வியாதி திரும்பி வந்ததே என்று நீங்கள் தலையில் கை வைப்பீர்கள். கன்சோலில் இதற்கு ஒரு மஞ்சள் எச்சரிக்கை வரும். நம்மில் பெரும்பாலோர் மஞ்சளைப் படிப்பதில்லை. திரைக் காம்பொனென்டுகளை வெளியே தனியாக அறிவித்து, பெயரை மட்டும் கொடுங்கள்.

அடுத்தது நோட்டிஃபிகேஷன். உங்கள் கடிதத்தில் என் கண்ணை இழுத்தது 'சில நேரம்' என்ற இரண்டு சொற்கள். சில நேரம் வரும் பிழைக்கு எப்போதும் ஒரு நிபந்தனை இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. ஊகிப்பதை விட்டுவிட்டு நேரில் பார்த்துவிடுங்கள். ஆப்பின் திரைகளையெல்லாம் சுற்றியிருக்கும் நேவிகேஷன் கன்டெய்னரில் 'ஆன் ஸ்டேட் சேஞ்ச்' என்ற இடம் இருக்கிறது. அங்கே வரும் நிலையை அப்படியே கன்சோலில் அச்சிடச் சொல்லுங்கள். பிறகு ஆப்பை முழுவதுமாக மூடுங்கள். திறந்து, முகப்பிலேயே நின்று, ஆர்டர்கள் டேப்பைத் தொடாமல் நோட்டிஃபிகேஷனைத் தொடுங்கள்.

அச்சானதில் ஆர்டர்கள் டேப்பின் உள்ளடுக்கைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு திரைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கும்: விவரத் திரை. பட்டியல் திரை அடியில் இல்லை. அந்த டேப் அதுவரை பிறக்கவே இல்லை. 'ஆர்டர்களுக்குப் போ, அதில் விவரத்தைக் காட்டு' என்று நீங்கள் கேட்டதும் விவரத்தையே முதல் திரையாக வைத்துக்கொண்டு பிறந்துவிட்டது. அதனால் பேக் பட்டனை அழுத்தினால் பட்டியல் வராது, முகப்பு வரும். ஆர்டர்கள் டேப்பை மறுபடி தொட்டால் அடுக்கின் முதல் திரைக்குப் போகும் என்பது வழக்கம், ஆனால் இங்கே முதல் திரையே விவரம்தான். பயனர் ஆப்பை மூடித் திறக்கும் வரை பட்டியலைப் பார்க்க முடியாது. நீங்கள் சோதிக்கும்போது பெரும்பாலும் ஆர்டர்கள் டேப்பை ஏற்கெனவே ஒருமுறை திறந்திருப்பீர்கள். பட்டியல் அடியில் இருந்திருக்கும். எல்லாம் சரியாக நடந்திருக்கும்.

தீர்வு ஒரு சொல்தான். நேவிகேட் செய்யும்போது திரையின் பெயரோடு 'இனிஷியல்' என்பதற்குப் 'ஃபால்ஸ்' என்ற மதிப்பைச் சேர்த்துக் கொடுங்கள். அடுக்கின் வழக்கமான முதல் திரையை அடியில் வைத்து, அதன்மேல் விவரத்தை ஏற்றும். இணைப்பு முகவரி வழியாகத் திறக்கிறீர்கள் என்றால், இதே வேலையை லிங்கிங் அமைப்பில் அந்த உள் நேவிகேட்டருக்கு 'இனிஷியல் ரூட் நேம்' கொடுத்துச் செய்ய வேண்டும்.

கூடவே இன்னொரு சோதனை. ஓர் ஆர்டரின் விவரத் திரையைத் திறந்து வைத்தபடியே, வேறோர் ஆர்டருக்கான நோட்டிஃபிகேஷனைத் தொடுங்கள். பழைய ஆர்டரே காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். அதே பெயருள்ள திரை மேலே இருப்பதால் நேவிகேஷன் புதிய திரையை ஏற்றாமல், அதற்குப் புதிய ஆர்டர் எண்ணை மட்டும் கொடுக்கிறது. உங்கள் 'யூஸ் எஃபெக்ட்' அந்த எண்ணைக் கவனிக்கவில்லை. சார்புப் பட்டியலில் ஆர்டர் எண்ணைச் சேர்த்தால் தீர்ந்தது. வாடிக்கையாளர் அரிசி எப்போது வரும் என்று பார்க்கப் போய் முந்தைய எண்ணெய் ஆர்டரைப் பார்ப்பது, கடைக்குப் போன் வருவதற்கு மிகச் சுருக்கமான வழி.

மற்றவை சில்லறை. இரட்டைத் தலைப்புக்குக் காரணம், டேப் ஒரு தலைப்பு போடுகிறது, உள்ளே திரைகளை அடுக்கும் ஸ்டாக் இன்னொன்று போடுகிறது. ஸ்டாக் உள்ள டேப்களுக்கெல்லாம் 'ஹெட்டர் ஷோன்' மதிப்பை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். ஐந்தாம் பதிப்பு வரை டேப்கள் தாமாகத் தலைப்பு போட்டதில்லை. 2021இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்துதான் போடுகின்றன. நீங்கள் பார்த்துப் படித்த பாடம் பழையதாக இருந்திருக்கலாம். கீபோர்டின் மேல் ஏறும் டேப் பாருக்கு 'டேப் பார் ஹைட் ஆன் கீபோர்டு' என்ற அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டால் தட்டச்சு முடியும் வரை ஒதுங்கிக்கொள்ளும். பணம் செலுத்தும் திரையில் டேப் பார் தெரியக் கூடாது என்று நாளை யாராவது கேட்பார்கள். அப்போது டேப் பாரின் உயரத்தைப் பூஜ்ஜியமாக்கும் வித்தைகளில் இறங்காதீர்கள். வெளியே ஒரு ஸ்டாக், அதற்குள் ஒரு திரையாக டேப் நேவிகேட்டர் முழுவதும், அதற்கு அண்டையில் பணம் செலுத்தும் திரை என்று அமையுங்கள். டேப் பார் தானாக மறைந்துவிடும்.

ஆண்டிராய்டின் பேக் பட்டனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஐபோனில் அந்தப் பட்டனே இல்லை என்பதால் அதில் மட்டும் சோதிப்பவர்கள் கேட்க மாட்டார்கள். எந்த டேப்பில் இருந்தாலும் முதல் டேப்புக்குப் போய், அங்கிருந்து வெளியேறுவதுதான் ரியாக்ட் நேவிகேஷனின் இயல்பு. 'பேக் பிஹேவியர்' என்பதை மாற்றி, தொட்ட டேப்களின் வரிசைப்படியே பின்னோக்கிப் போகவும் செய்யலாம். மாற்றாதீர்கள் என்பேன். எந்தத் திரையில் ஆப் தொடங்குகிறதோ அதே திரையில்தான் பேக் வழியாக வெளியேற வேண்டும் என்பது ஆண்டிராய்டின் சொந்த வழிகாட்டுதல்.

கடிதத்தைப் படிக்கும், கோட்லின் மொழியில் ஆண்டிராய்டு ஆப் எழுதுபவர்களுக்கு ஒரு வரி: டேப் மாறியதும் பழைய டேப்பின் நிலை தொலைந்துபோவது உங்கள் பக்கத்தில் நெடுநாள் புகார். அங்கே திரை மாற்றத்தைக் கவனிக்கும் கூகுளின் நூலகமான ஜெட்பேக் நேவிகேஷன் 2.4 பதிப்பு 2022இல் வந்தபின் அது தீர்ந்துவிட்டது. டேப்பைத் தொடும் இடத்தில் 'சேவ் ஸ்டேட்', 'ரீஸ்டோர் ஸ்டேட்', 'லாஞ்ச் சிங்கிள் டாப்' மூன்றும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் நடுவில் உள்ளது விட்டுப்போயிருக்கும்.

முதலாளியின் போன் பட்டனுக்கு வருகிறேன். செய்ய முடியுமா என்றால் முடியும்: 'டேப் பிரஸ்' நிகழ்வைப் பிடித்து, இயல்பான நகர்வைத் தடுத்துவிட்டு, போன் செயலியைத் திறக்கலாம். எண்ணிக்கையிலும் தடையில்லை, மூன்று முதல் ஐந்து வரை என்பதுதான் கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டி சொல்வது. ஆனால் மற்ற நான்கைத் தொட்டால் ஓர் இடத்துக்குப் போகும், இதைத் தொட்டால் ஒரு காரியம் நடக்கும். டேப் பார் இடம் மாறுவதற்கே, காரியங்களுக்கு அல்ல என்று ஆப்பிளின் வடிவமைப்பு வழிகாட்டியும் சொல்கிறது. கூடைக்கும் ஆர்டர்களுக்கும் பக்கத்தில் கட்டைவிரல் தவறிப் பட்டாலே போன் செயலி திறந்து நிற்கும். முதலாளியிடம் வழிகாட்டிகளைக் காட்டிப் பயனில்லை. பட்டனை ஆர்டர் விவரத் திரையின் மேல் மூலையில் வைத்துக் காட்டுங்கள். கடைக்குப் போன் செய்ய நினைப்பவர் பெரும்பாலும் அந்தத் திரையில்தான் இருப்பார். எந்த ஆர்டரைப் பற்றிப் பேசுகிறார் என்பதும் அவர் கண்ணெதிரிலேயே இருக்கும்.