கல்தேயர் எனப்படுவோர் யார்?

கேள்வி: பெயர் திருத்தம் செய்யும் எண் கணித நிபுணர் ஒருவர், தம்முடையது ஐயாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த கல்தேயர் முறை என்கிறார். யார் இந்தக் கல்தேயர்? இன்று இராக்கில் கல்தேயர் என்று சொல்லிக்கொள்ளும் கிறிஸ்தவர்கள் அவர்களுடைய வழித்தோன்றல்களா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஐயாயிரத்தை முதலில் கழித்துவிடுவோம். கல்தேயர் என்ற பெயர், இன்றைய வடக்கு இராக்கிலிருந்து ஆண்ட அசீரிய அரசர்களின் கல்வெட்டுகளில் தலைகாட்டுவதே கி.மு. 9ஆம் நூற்றாண்டில்தான். யூப்ரடீஸ் ஆறு பாரசீக வளைகுடாவை நெருங்கும் சதுப்பு நிலப் பகுதியில் பீத் யாக்கீன், பீத் தக்கூரி, பீத் அமுக்கானி முதலிய குலங்களாக வாழ்ந்தவர்களை அசீரியர் 'கல்து' என்று எழுதினார்கள். எபிரெய வேதத்தில் அவர்களே 'கஸ்தீம்'. அசீரியரும் பாபிலோனியரும் எழுதிய அக்காடிய மொழியில் தகர ஒலிக்கு முன் வரும் சகர ஒலி லகரமாகத் திரிவது வழக்கம் என்பதால், எபிரெய வடிவமே மூலத்துக்கு நெருக்கமானது. நமக்கு வந்து சேர்ந்த 'கல்தேயர்', கிரேக்கர் எடுத்துக்கொண்ட திரிந்த வடிவத்தின் வழி வந்தது.

இக்குலத் தலைவர்களில் ஒருவனான மெரோதாக் பலாதான் கி.மு. 721இல் பாபிலோனின் அரியணையைக் கைப்பற்றினான். கி.மு. 626இல் நபொபலாசர் தொடங்கி, அவன் மகன் நெபுகாத்நேச்சார் காலத்தில் உச்சம் தொட்ட அரச மரபையும் கல்தேய மரபு என்றே அழைக்கிறோம். கி.மு. 539இல் பாரசீக மன்னன் சைரஸிடம் பாபிலோன் வீழ்ந்ததோடு அந்த ஆட்சி முடிந்தது. பெயர் மட்டும் முடியவில்லை. பாபிலோனியக் கோயில்களில் இரவுதோறும் வானத்தைப் பார்த்துக் களிமண் பலகைகளில் குறித்துவைத்து, கிரகணங்கள் 18 ஆண்டு 11 நாளுக்கு ஒருமுறை அதே வரிசையில் திரும்புவதைக் கண்டறிந்தவர்களைக் கிரேக்கர் கல்தேயர் என்றனர். விவிலியத்தின் தானியேல் ஆகமத்திலும் இச்சொல் ஓரிடத்தில் இனத்தையும் வேறோர் இடத்தில் அரசவைக் குறிசொல்லிகளையும் குறிக்கிறது. ரோமில் அது சோதிடர் என்பதற்கு மறுபெயராகவே ஆகி, கி.மு. 139இல் 'கல்தேயர்களை' நகரை விட்டு வெளியேற்றும் ஆணை பிறந்தது.

இனி நிபுணரின் அட்டவணை. அதில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஜே இரண்டுக்கும் 1. யூ, வி, டபிள்யூ மூன்றுக்கும் 6. பாபிலோனியர் ஆப்பெழுத்தில் அசை அசையாக எழுதியவர்கள். எண்களை அறுபதின் மடங்குகளில் கணக்கிட்டவர்கள். ஐயிலிருந்து ஜே தனி எழுத்தாகப் பிரிந்து நிலைத்ததோ ஐரோப்பாவில் அச்சுக்கூடங்கள் வந்த பிறகு. நெபுகாத்நேச்சாரின் அரண்மனைச் சோதிடர் ஜேக்கு மதிப்பெண் போட்டிருக்க வழியே இல்லை. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்வது அவரவர் விருப்பம். பழியைப் பாபிலோன் மீது போட வேண்டாம்.

இராக்கியக் கிறிஸ்தவர்களின் கதை வேறு. மெசபொத்தேமியாவில் வளர்ந்த, போப்பின் தலைமையை ஏற்காத பழைய சபை கிழக்குத் திருச்சபை. சைப்ரஸில் இருந்த அச்சபையினர் ரோமுடன் இணைந்தபோது, அவர்களை இனி நெஸ்தோரியர் (நெஸ்தோரியஸ் என்ற ஆயரின் கொள்கையைப் பின்பற்றுவோர்) எனக் கூறலாகாது, கல்தேயர் என்றே அழைக்க வேண்டும் என்று 1445இல் போப் நான்காம் யூஜின் ஆணையிட்டார். அந்த இணைப்பு நீடிக்கவில்லை. 1553இல் யோகன்னான் சுலாக்கா என்ற துறவி ரோமுக்கே சென்று முதுபெரும் தந்தையாக, அதாவது சபைத் தலைவராக, திருநிலைப்படுத்தப்பட்டதிலிருந்தே இன்றைய கல்தேயக் கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாறு தொடங்குகிறது. வடக்கு இராக்கின் நினிவே சமவெளியில் அல்கோஷ் போன்ற ஊர்களில் வேரூன்றி, அரமேய மொழி பேசும் இம்மக்கள் மெசபொத்தேமியாவின் பழங்குடிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஊர்கள் பழைய அசீரியாவின் நடுவில் இருப்பவை. கல்து குலங்கள் வாழ்ந்த தென்கோடிச் சதுப்பு நிலம் அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவு. ஆகவே பெயரை வைத்து மட்டும் நெபுகாத்நேச்சார் வரை வம்சாவளி வரைய முடியாது. தாம் தனி இனம் என்று அவர்களில் பலரும், இல்லை, அசீரியரும் நாமும் ஒன்றே என்று வேறு சிலரும் இன்றும் வாதிடுகிறார்கள். 2005ஆம் ஆண்டு இராக் அரசியலமைப்புச் சட்டம் இரு பெயர்களையும் தனித்தனியே குறிப்பிட்டிருக்கிறது.

இந்தப் பெயர் நமக்குப் பக்கத்திலும் உண்டு. திருச்சூரில் உள்ள கல்தேய சுரியானி சபை, அசீரியக் கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தது. இராக்கில் கல்தேயர் என்றால் போப்பை ஏற்றவர். திருச்சூரில் கல்தேயர் என்றால் ஏற்காதவர்.