யோசேப்பு எத்தனை முறை அழுதான்?

அன்புள்ள ஐயா,

அப்பா இறந்தபின் அண்ணன் வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு அம்மாவையும் என்னையும் வெளியேற்றினார். மன்னித்துவிட்டதாக ஜெபத்தில் சொல்லிவிட்டேன். ஆனால் கோயிலில் அவர் திருவிருந்து எடுக்க எழுந்து போகும்போது அந்த நாள் அப்படியே கண்முன் வருகிறது. "மனசார மன்னித்திருந்தால் ஞாபகமே வராது" என்கிறார் ஜெபக்குழு அக்கா. என் விசுவாசம் பொய்யா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பொய் இல்லை. அந்த அக்காவை வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் கடைசி அதிகாரங்களை நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஓய்வுநாள் பள்ளியில் நமக்கு யோசேப்பின் பலவருண அங்கியைக் காட்டினார்கள், அழுகையைக் காட்டவில்லை.

17 வயதில் அண்ணன்மாரால் அடிமையாக விற்கப்பட்டவன். 30 வயதில் எகிப்தில் அதிகாரி, பிறகு குடும்பம். மூத்த பிள்ளை பிறந்ததும், தேவன் என் வருத்தங்களையெல்லாம் மறக்கச் செய்தார் என்று சாட்சியும் சொல்லிவிட்டான். பஞ்சத்தில் அண்ணன்மார் தானியத்துக்கு வந்து நின்றதும் எல்லாம் திரும்பி வந்தது. துபாசி (மொழிபெயர்ப்பாளர்) வைத்துப் பேசியதால் அவனுக்குப் புரியாது என்று நினைத்து, அன்று அவன் கெஞ்சியதைக் கேட்காமல் போனோமே என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். விலகிப்போய் அழுகிறான். தம்பி பென்யமீனைப் பார்த்ததும் உள்ளறைக்கு ஓடி அழுது, முகம் கழுவி, வெளியே வந்து சாப்பாடு வைக்கச் சொல்கிறான். (நம் வீட்டுப் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும்.) தகப்பன் இறந்தபின்னும் அழுகிறான். கணக்குப் பார்த்தால் விற்கப்பட்டு 39 ஆண்டுகள் ஆகியிருக்கும். இதில் ஒன்றையும் வேதம் அவிசுவாசம் என்று சொல்லவில்லை.

அவன் உடனே கட்டித் தழுவவும் இல்லை. பென்யமீனை அடிமையாக வைத்துக்கொள்வதாகச் சொல்லிச் சோதித்தான். அவனை விற்கலாம் என்று யோசனை சொன்ன அதே அண்ணன் யூதா, தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாகிறேன் என்ற பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினான். பழிவாங்கவில்லை, ஆனாலும் நம்புவதற்குக் காத்திருந்தான். உங்கள் அண்ணன் இன்னும் யூதாவின் இடத்துக்கு வரவில்லை என்றே தோன்றுகிறது.

ஞாபகம் வரும்போது விரட்டாதீர்கள். 88-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசித்து, அன்று நடந்ததை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அந்தச் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது, அதையும் ஜெபமாகத்தான் வைத்திருக்கிறார்கள். தூக்கம் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு வக்கீலையும் பாருங்கள். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியில் மகனுக்கும் மகளுக்கும் சம உரிமை. அதைக் கேட்பது மன்னிப்புக்கு விரோதமில்லை.