கால்குலேட்டர் இல்லாமல் 73,51,34,400-ன் காரணிகளை எண்ணுவது எப்படி?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 73,51,34,400 என்ற எண்ணுக்கு மொத்தம் எத்தனை காரணிகள், அவற்றில் ஒற்றைப்படை எத்தனை என்று ஒரு மாதிரித் தாளில் கேட்டிருந்தார்கள். 2, 3 என்று வகுத்துக்கொண்டே போய்ப் பாதியில் விட்டுவிட்டேன். சுருக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. கடைசி இரண்டு பூஜ்ஜியங்களைத் தனியே எடுத்து வையுங்கள். மிச்சம் 73,51,344. கடைசி நான்கு இலக்கங்கள் 16-ஆல் வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும். 1344 என்பது 16 × 84. சரி, வகுத்தால் 4,59,459.

இங்கே அவசரப்படாதீர்கள். நம் வழக்கப்படி காற்புள்ளி போட்டால் விஷயம் கண்ணில் படாது. 459459 என்று சேர்த்து எழுதிப் பாருங்கள். 459 இரண்டு முறை வருகிறது. அப்படியானால் அது 459 × 1001. இந்த 1001-ஐ மனப்பாடம் செய்துவிடுங்கள்: 7 × 11 × 13. அப்புறம் 459 என்பது 27 × 17. முடிந்தது.

ஒதுக்கி வைத்த 100-ஐ (2² × 5²) மறக்காமல் சேர்த்தால்:

2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17

ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள். அந்த 1 எதற்கு? ஒரு காரணியில் 2 ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாமே, அதற்கு. 7 × 4 × 3 × 2 × 2 × 2 × 2 = 1344. உங்களுக்கு 960 வந்தால், 100-க்குள் இருக்கும் இரண்டு 2-களை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒற்றைப்படைக் காரணிகளுக்கு 2-ஐ அடியோடு விட்டுவிட்டுப் பெருக்கினால் 192.

கேள்வி எடுத்தவர் விஷயம் தெரிந்தவர். 100 கோடி வரை எந்த எண்ணுக்கும் 1344-க்கு மேல் காரணிகள் கிடையாது. அந்த அளவைத் தொடும் முதல் எண் இதுதான். முந்தைய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் மிஞ்சும் இத்தகைய எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-ல் நீண்ட கட்டுரை எழுதினார். அடுக்குகளைப் பாருங்கள்: 6, 3, 2, 1, 1, 1, 1. நடுவில் எங்கும் ஏறாது. 3-ன் அடுக்கு 2-ன் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால், இரண்டையும் இடம் மாற்றினாலே அதே எண்ணிக்கையில் காரணிகள் கொண்ட சிறிய எண் கிடைத்துவிடும். அவர் தந்த நீண்ட பட்டியலில் 2,93,31,86,25,600 மட்டும் விடுபட்டுவிட்டது. அவருக்கே அப்படி என்றால், நீங்கள் பாதியில் விட்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதே எண்ணை வைத்து, எந்தச் சிறிய எண்ணால் பெருக்கினால் முழு வர்க்கமாகும் என்றும் கேட்பார்கள். ஒற்றைப்படை அடுக்கு உள்ளவற்றை மட்டும் பெருக்குங்கள்: 3 × 17 × 1001, அதாவது 51,051.