உழைக்கிற உடம்புக்கு மாரடைப்பு வராதா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 39 வயது. காசிமேட்டில் மீன் லோடு ஏற்றுகிறார், ஒல்லியான உடம்பு. அவருடைய அண்ணன் போன மாதம் 46 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார். ‘அது பணக்காரர் நோய், உழைக்கிற உடம்புக்கு வராது’ என்கிறார்கள். எங்கள் தெருவில் முகாம் போட்டவர்களோ ‘ஃபுல் பாடி செக்கப்’ எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: பணக்காரர் நோய் என்பதெல்லாம் பழைய கதை. 17 நாடுகளில் நடந்த ‘ப்யூர்’ ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. பிரஷர், கொழுப்பு போன்ற கோளாறுகள் பணக்கார நாடுகளில்தான் கூடுதல். ஆனால் மாரடைப்பும் சாவும் ஏழை நாடுகளில் கூடுதல். காரணம், பணக்கார நாடுகளில் மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கிறது, நோயும் நேரத்தோடு பிடிபடுகிறது. இன்னொன்று, நம்மைப் போன்ற தெற்காசிய நாட்டவர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்றவர்களுக்கு 59. ஒல்லி என்று தைரியமாக இருக்காதீர்கள். கை கால் குச்சியாக இருந்தாலும் ஆணுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தொட்டால் எச்சரிக்கைதான்.

குடும்பத்தில் யாரோ ஒருவருக்கு வந்தது என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். மாமனார் 70 வயதில் மாரடைப்பில் போயிருந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சித்தப்பா, மாமா கணக்கும் வேண்டாம். அப்பா, அண்ணன், தம்பிக்கு 55 வயதுக்குள்ளும் அம்மா, அக்கா, தங்கைக்கு 65 வயதுக்குள்ளும் வந்திருந்தால்தான் அது கணக்கு. 46 வயதில் கூடப்பிறந்த அண்ணன் என்பது இதில் நேராக வருகிறது. ஆகவே பரிசோதனை வேண்டும். ஆனால் முகாமில் வேண்டாம்.

அங்கே நடப்பதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இசிஜி தாளில் மிஷினே அச்சடிக்கிற ஒரு வரியைக் காட்டி, ‘உடனே ஆஞ்சியோ’ (இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை) என்று வேனில் ஏற்றுவார்கள். கூட்டி வந்தவருக்குக் கமிஷன். இசிஜி நன்றாக இருந்தால் ‘இதயம் சூப்பர்’ என்பார்கள், அதுவும் பொய். இன்று சரியான இசிஜி நாளைக்கு உத்தரவாதம் இல்லை. உங்களுக்குத் தேவை பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, இவ்வளவுதான். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்குங்கள், பணம் கேட்க மாட்டார்கள்.

அப்புறம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். வருமானச் சான்றிதழுக்காக ஒரு கூலித் தொழிலாளி எத்தனை நாள் கூலியை விடுவார் என்று யாரும் யோசிப்பதில்லை. நெஞ்சு வலி வந்த பிறகு ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, அவர்கள் மேல் இல்லை. வலி வந்தால் 108. தனியார் ஆம்புலன்ஸ்காரர் ‘ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பெட் இல்லை’ என்றால் நம்பாதீர்கள்.

பீடி பற்றி நீங்கள் எழுதவே இல்லை. குடிக்கிறாரா? ஆமாம் என்றால் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.