அம்பு ஏரிக்குள் காட்டினால்

ஜியோகேச்சிங்கில், அதாவது யாரோ ஒளித்து வைத்த பெட்டியைப் போனின் ஜிபிஎஸ் துணையோடு தேடும் விளையாட்டில், ஏரிக்கரை நடைபாதையில் ஒரு பெட்டியை 40 நிமிடம் தேடியும் கிடைக்கவில்லை, போனில் வழிகாட்டும் அம்பு ஒரு நேரம் ஏரிக்குள்ளும் மறு நேரம் சாலைப் பக்கமும் காட்டுகிறது என்கிறீர்கள். பெட்டி தொலைந்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். கரையோரம் உயரமான கட்டடங்கள் இருந்தால் செயற்கைக்கோள் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அப்போது போன் இடத்தைத் தவறாகக் கணக்கிடும். திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். ஒளித்து வைத்தவரின் போனும் அதே இடத்தில் பிசகியிருக்கலாம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இரும்புக் கைப்பிடிக் கம்பி அருகே நின்றால் போனின் திசைகாட்டி குழம்பிவிடும். அங்கே அம்பை நம்பாதீர்கள். 30 மீட்டர் தள்ளிப்போய், நடந்துகொண்டே வந்து அது எங்கே சுழல்கிறது என்று பாருங்கள். வெவ்வேறு திசையிலிருந்து இரண்டு மூன்று முறை செய்தால் போதும்.

அப்புறம் போனைப் பையில் போட்டுவிட்டுக் கையால் தேடுங்கள். நகரத்து நடைபாதையில் டப்பா பெரிதாக இருக்காது. விரல் நுனி அளவு காந்த டப்பாதான் அதிகம்: பெஞ்சின் அடிப்பக்கம், கம்பி சந்திக்கும் மூலை, விளக்குக் கம்பத்தின் அடிமூடி. (நான் ஒருமுறை போல்ட் என்று நினைத்து மூன்று தடவை தாண்டிப் போனேன்!) மின்பெட்டியை மட்டும் திறக்காதீர்கள்.

நடப்பவர்கள் பார்த்தால் ஒளிவிடம் தெரிந்துவிடுமே என்று தயங்குகிறீர்களா? பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டுங்கள். கை தானாக அடியில் போகும். அதிகாலை இன்னும் நல்லது.

அப்போதும் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்றே விளையாட்டின் செயலியில் பதிவு போடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, வைத்தவர் வந்து சரிபார்ப்பதே அந்தப் பதிவுகளைப் பார்த்துத்தான்.